முழங்கால் வலியா? வயசை மட்டும் திட்டாதீர்கள்!

கீழே உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழும்போது 'அம்மாடி!' என்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறீர்களா? 'வயசாயிடுச்சு, எலும்பு தேய்ஞ்சுடுச்சு' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதலில் தேய்வது, எலும்பு முனையில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. இதுதான் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019-ல் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்தது. 100-க்கு 60 பேர் பெண்கள். (உங்கள் வீட்டில் முனகுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!)

வயது, பரம்பரை, என்றோ பட்ட காயம்... இவற்றை மாற்ற முடியாது. உடல் எடையை முடியும். ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது முழங்கால் தாங்கும் பாரம் நாலு கிலோ குறையும். வலிக்குதே என்று நடையை நிறுத்தினால் தொடைத் தசை இளைத்து, வலி கூடத்தான் செய்யும். வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.