ஆறு மாதமும் தங்கத்தான் வேண்டுமா?

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படும் பெற்றோர் பலர், டிக்கெட் விலையைப் பார்த்தே நாட்களைத் தீர்மானிக்கிறார்கள். இவ்வளவு பணம் கட்டிப் போகிறோம், ஆறு மாதமும் இருந்துவிட்டு வருவோம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. பாஸ்போர்ட்டில் ஒட்டிய பி-2 விசா பத்து ஆண்டு செல்லுபடியாகலாம். அது நாட்டின் வாசல்வரைக்கும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற மின்பதிவில் இருக்கும். இறங்கிய வாரமே பிள்ளைகளிடம் சொல்லி அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டித் தங்கினால் அந்த விசா செல்லாது. 180 நாளுக்கு மேல் தாண்டி வெளியேறியவர் 3 ஆண்டும், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தாண்டியவர் 10 ஆண்டும் திரும்ப நுழையத் தடை உண்டு. நீட்டிப்பு வேண்டுமானால் தேதி முடியும் முன்பே ஐ-539 விண்ணப்பம் போட வேண்டும்.

ஆனால் ஆறு மாதம் என்பது அதிகாரி வழக்கமாகத் தரும் வரம்பு. குடும்பத்தின் வரம்பை மருத்துவச் செலவை வைத்தே போட வேண்டும். சாப்பாடும் படுக்கையும் பிள்ளை வீட்டில்தானே, கூடுதல் மாதங்களுக்கு என்ன செலவு என்று கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் நாளுக்கு நாள் கூடும். வயது ஏற ஏற இன்னும் கூடும். அங்குள்ள முதியோருக்கான மெடிகேர் திட்டம் பார்வையாளர் விசாவில் வருபவருக்குக் கிடையாது. விலை குறைந்த பாலிசிகள் பலவும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே குறித்த தொகையைத்தான் தரும். மீதி முழுவதும் குடும்பத்தின் தலையில். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு என ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. சில பாலிசிகள் அவை திடீரென முற்றினால் மட்டும், வயது வரம்பு வைத்துப் பணம் தருகின்றன. பாலிசியில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். மாத்திரையிலும் இதே கணக்கு: பயணி கையோடு கொண்டுபோகப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 90 நாளுக்குரியது. அதற்கு மேல் தங்கினால் அங்கே டாக்டர் கட்டணம், மருந்து விலை இரண்டையும் சுமக்க நேரலாம். ஆகவே நாள்பட்ட நோய் உள்ளவருக்கு மூன்று மாதமே தக்க அளவு என்பேன்.

அவசரம் என்றால் ஆஸ்பத்திரி பார்த்துத்தானே ஆக வேண்டும் என்ற வாதமும் உண்டு. உண்மைதான், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் இல்லை என்று அவசரச் சிகிச்சைப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அது இலவசம் அல்ல, பில் பின்னால் வரும். வந்தால் பதறிக் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு இனத்துக்கும் விவரம் கேளுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனைகளில் நிதியுதவித் திட்டம் இருந்தாக வேண்டும் என்பது விதி. தகுதி உண்டா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். காப்பீடு இல்லாதவர், முன்பதிவு செய்த சிகிச்சைக்கு எழுத்தில் மதிப்பீடு பெறும் உரிமை 2022 முதல் உண்டு. பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

மூன்று மாதத்தில் கிளம்பிவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலை நியாயமானது. அதற்கு விடை, ஒருவரையே ஆறு மாதம் வைத்திருப்பது அல்ல. சம்பந்தி வீட்டாரோடு பேசி முறை வைத்துப் போய்வருவது. டிக்கெட் போடும் முன் மாத்திரைச் சீட்டையும் பாலிசியின் விலக்குப் பட்டியலையும் எதிரே வைத்துக்கொண்டு, திரும்பும் தேதியைக் குறியுங்கள்.