காலைப் பசியும் ஞாபகசக்தியும்

தேர்வுக் காலம் நெருங்கும்போது நம் பங்குகளில் இரண்டு பொருள்கள் மந்திரிப்பதற்காக வருகின்றன. ஒன்று பேனா, மற்றொன்று ஞாபகசக்தி டானிக். பேனாவை நாம் மகிழ்ச்சியோடு மந்திரித்துக் கொடுக்கிறோம். டானிக் விஷயத்தில்தான் சற்றுத் தயக்கம்.

சிவகாசிக்கு அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில், ஞாயிறு பூசை முடித்து நாம் வெளியே வந்தபோது, தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் தாய் ஒருவர் பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகனோடு காத்து நின்றார். "படிச்சது மனசுல நிக்க மாட்டேங்குது சாமி. இதைக் கொஞ்சம் மந்திரிச்சுக் கொடுங்க" என்று ஒரு புட்டியை நீட்டினார். விலையைக் கேட்டோம். அவருடைய நான்கு நாள் கூலி! பையனைப் பார்த்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றோம். "டீ சாமி" என்றான். நற்கருணைக்கு முன் உபவாசம் இருந்திருப்பான் போலும் என்று எண்ணி, "பள்ளிக்கூட நாட்களில்?" என்று கேட்டோம். "அன்னைக்கும் டீதான் சாமி." தாய் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு மணிக்கு வேன் வந்துவிடுகிறது. இரவு வடித்த சோற்றை அவர் தூக்குவாளியில் எடுத்துச் சென்றுவிடுகிறார். அவர்மீது குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆயினும் நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே செலவிடுகிறது. உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. தனக்கென்று பெரிதாகச் சேமித்து வைக்கும் களஞ்சியமும் அதனிடம் இல்லை. இரத்தம் கொண்டுவந்து தரும் சர்க்கரைச் சத்தையே பெரிதும் நம்பி வாழ்கிறது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை மறுநாள் நண்பகல் வரை தேநீரோடு அமர்ந்திருந்தால், கரும்பலகையில் எழுதியது எவ்வாறு மனத்தில் பதியும்?

இவ்வுண்மையை ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வெளியே நன்கு உணர்ந்திருந்தவர் நம் விருதுநகர் மண்ணின் மைந்தர். 1903ஆம் ஆண்டு பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் வேலைக்கு அமர்ந்த காமராசர், முதலமைச்சரானபின் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களின் நன்கொடையையும் இதற்குத் திரட்டினார். அதற்கு முன்பே, 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இத்தகைய முயற்சியொன்றை நடத்தியதுண்டு. அறுபதுகளில் 'கேர்' நிறுவனத்தின் மாவும் பால்பவுடரும் பள்ளிகளுக்கு வந்ததை நம் வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த உப்புமாவின் மணம் நமக்கும் நினைவிருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். காலை உணவுத் திட்டமோ 2022 செப்டம்பர் 15 அன்றுதான் மதுரையில் தொடங்கியது. 2024இல், காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று, ஊரகப் பகுதிகளிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. நம் பத்தாம் வகுப்புப் பையன் அந்தப் பந்தியில் இல்லை.

இனி டானிக்கிற்கு வருவோம். வல்லாரையை நாம் இகழவில்லை. துவையல் அரைத்து உண்ண அருமையான கீரை அது. ஆனால் அதன் சாறும் மாத்திரையும் ஞாபகசக்தியைப் பெருக்கும் என்பதற்கு இதுவரை நடந்த சோதனைகள் உறுதியான சான்று தரவில்லை. முதுமையில் அறிவாற்றல் குன்றாதிருக்க வைட்டமின் மாத்திரைகளையோ மீனெண்ணெய் மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. புட்டியில் தேடுவதைச் சட்டியில் தேடுவதே நன்று.

நம் பகுதியில் மிகவும் கவலை தருவது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் மூளைக்குப் பிராணவாயு சுமந்து செல்லும் வேலை தளர்கிறது, கவனம் சிதறுகிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற மாத்திரையைச் சாக்கடையில் எறிந்துவிடும் பெண்பிள்ளைகளை அன்னையர் கண்டிக்க வேண்டும். கரிசல் காட்டுக் கம்பிலும், முருங்கைக் கீரையிலும், பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. அது உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்கனியோ துணைசெய்யும். உணவோடு பருகும் தேநீர் தடைசெய்யும். ஆகவே தேநீர் உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற சந்தை விருதுநகர். அதன் சுற்றுவட்டாரத்திலேயே பருப்பில்லாத குழம்பைப் பிள்ளைகள் உண்பதை என்னவென்று சொல்வது?

முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கோலின் என்னும் சத்திலிருந்து நினைவுக்கு வேண்டிய இரசாயனப் பொருள் ஒன்றை உடல் ஆக்கிக்கொள்கிறது. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை மீனில் மூளைக்கு உகந்த கொழுப்பு இருக்கிறது. விலையுயர்ந்த மீனைத் தேட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்திற்கும் அது பொருந்தும்! மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பட்டாசுகளில் ஈயம், பாதரசம் முதலியவற்றைச் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. எந்த மருந்தாயினும், வேலைத்தலத்தின் தூசியோடு வந்து பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டாம். கை, முகம் கழுவி உடைமாற்றிய பின்பே அடுப்படிக்குச் செல்லுங்கள்.

முதியோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெபமாலையில் எந்தத் தேவ இரகசியம் என்று அடிக்கடி தடுமாறிய பெரியவர் ஒருவரை, "வயசாயிருச்சு சாமி" என்று வீட்டார் விட்டுவிட்டனர். மருத்துவரோ இரத்தத்தைச் சோதித்து, பி12 வைட்டமின் மிகக் குறைவு என்றார். ஊசி போட்டபின் அவர் பெருமளவு தெளிந்தார். பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இச்சத்து கிடைக்கும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இது குறையலாம். எல்லா மறதியும் இவ்வாறு தீராது; ஆயினும் சோதித்துப் பார்க்காமல் முதுமையின்மேல் பழிபோடுவது முறையன்று.

அந்தத் தாயின் புட்டியை நாம் மந்திரிக்கவில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். கடைக்காரர் பாதிப் பணம்தான் தந்தாராம். அதில் அவர் கம்பு வாங்கினார். இரவே கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, வெங்காயத்தோடு பையன் தானே குடித்துவிடலாம். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பின்னர் அன்பியப் பெண்கள் சிலர் கூடி, தேர்வு முடியும்வரை பங்கு மன்றத்தில் காலை ஏழு மணிக்குக் கூழும் அவித்த முட்டையும் கொடுத்தனர். முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் வந்தனர். நான்காம் நாள் முப்பத்தொரு பேர். இரண்டாம் வாரம் முட்டைக்குப் பணம் போதாமல், அவித்த நிலக்கடலைக்கு மாறினோம். வருகை குறையவில்லை.