"விடியட்டும், பார்த்துக்கலாம்"

ராத்திரி இரண்டு மணி. நெஞ்சை யாரோ ஏறி அழுத்துவதுபோல இருக்கிறது. பனியன் வேர்வையில் நனைந்துவிட்டது. "பரோட்டா சேரல, வாய்வுதான்" என்று வீடு தீர்ப்புச் சொல்கிறது. ஓமத்திரவம், ஜெலுசில், சோடா, முதுகு நீவல் என்று வரிசையாக வைத்தியம் நடக்கிறது. ஓர் ஏப்பம் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. "விடியட்டும், பார்த்துக்கலாம்."

மாரடைப்பில் நேரம் அதிகம் கரைவது இந்த ஹாலில்தான். இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த 'கிரியேட்' ஆய்வு 2008இல் 'லான்செட்' இதழில் வந்தது. வலி தொடங்கி மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உள்ளே போனபிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம். அந்த 50 நிமிடமும் கூடுதல்தான். 30க்குள் போட்டுவிட வேண்டும் என்பது அன்றைய இலக்கு. ஆனால் ஆறு மணி நேரத்தை வீட்டிலும் வழியிலும் விட்டுவிட்டு வந்து நர்ஸிடம் சண்டை போடுவதில் என்ன நியாயம்?

ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே இதயத் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தில் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையின் பெரும்பகுதி போய்விடும். போன தசை திரும்பி வராது. உயிர் பிழைத்தாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் வாழ்க்கைதான் பலருக்கு மிஞ்சுகிறது. கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரை போடலாம். ஆனால் கட்டி இறுகுவதற்கு முன், முதல் இரண்டு மணி நேரத்தில் போட்டால்தான் அதன் முழுப் பலன்.

விழிப்புணர்வு வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அமெரிக்காவில் 20 ஊர்களை எடுத்துக்கொண்டு, பாதி ஊர்களில் ஒன்றரை வருடம் பிரசாரம் செய்து பார்த்தார்கள். 'ரியாக்ட்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. ஆம்புலன்ஸை அழைப்பவர்கள் கூடினார்கள். நோயாளிகள் தாமதிக்கும் நேரத்தில் மட்டும் பிரசாரம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மாரடைப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர்தான் "எனக்கு ஒண்ணுமில்ல, ஊரைக் கூட்டாதீங்க" என்கிறார். வலிக்கிற ஆளிடம் அனுமதி கேட்காமல் 108க்குப் போன் போடும் ஒருவர் வீட்டில் வேண்டும். அது பெரும்பாலும் மனைவி. அவருக்கே நெஞ்சு வலித்தால் போன் போடுவது யார் என்பது தனிக் கேள்வி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில நேரம் நெஞ்சு வலியே இல்லாமல் தாடைவலி, மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத களைப்பு என்று வேறு முகம் காட்டும். "வேலை அதிகம்" என்று அதையும் கடந்துவிடுகிறோம்.

அடுத்த தாமதம் தவறான வாசலில் ஏறுவது. ஈசிஜி இல்லாத தெருமுனை கிளினிக்கில் வாய்வு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி நீடித்தால் மறுபடி எடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கடியில் வைப்பது அடைப்பைத் திறக்காது. ரத்த அழுத்தம் குறைந்திருப்பவரை அது கவிழ்த்தும்விடும்.

அரசுப் பக்கம் வேலை நடந்திருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த முதல் டோஸ் மாத்திரைகள் இருக்கின்றன. அதற்கு முன், 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துப் பார்த்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்பும் முறை இது.

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாலும் ஒரு கையெழுத்து பாக்கி. ஸ்டென்ட் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டால், "மச்சான் கோயம்புத்தூர்லேர்ந்து கிளம்பிட்டார், வந்ததும் சொல்றோம்" என்கிறது குடும்பம். வாசலில் கால் வைத்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்கிறது மருத்துவம்; கோயம்புத்தூர் பஸ் அதற்குள் திருப்பூரைத் தாண்டியிருந்தால் பெரிய விஷயம். மச்சானுக்குப் போனில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அவர் கோபித்துக்கொண்டால் மறுநாள் வார்டில் உட்கார்ந்து சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.