தோற்றவரே கை தட்டினார்!

தோற்றவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆனால் தம்மைத் தோற்கடித்தவருக்கு, கூட்டத்தோடு சேர்ந்து தாமும் கை தட்டினார் ஓர் உலக சாம்பியன். அவர்தான் ரஷியாவின் போரிஸ் ஸ்பாஸ்கி.

1972-ம் ஆண்டு. ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்ஜாவிக்கில் உலக சதுரங்கப் போட்டி. எதிரே அமெரிக்காவின் பாபி பிஷர்.

முதல் ஆட்டத்தில் பிஷர் தோற்றார். காமிராக்கள் தொந்தரவு செய்கின்றன என்று தகராறு செய்துகொண்டு, இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை! அதுவும் ஸ்பாஸ்கி கணக்கில் சேர்ந்தது. பிறகுதான் பிஷர் எழுந்தார். ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு இரண்டரைப் புள்ளி.

ஜூலை 23. ஆறாவது ஆட்டம். பிஷருக்கு வெள்ளைக் காய்.

அவர் எப்படித் தொடங்குவார் என்பது ஊரறிந்த விஷயம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். சிறு வயது முதல் அநேகமாக அதேதான். அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை என்பது அவருடைய கட்சி.

அன்று அவர் கை ராணியின் பக்கம் போயிற்று! அந்தப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை நகர்த்தினார். சற்று நேரத்தில் ஆட்டம் 'குயின்ஸ் காம்பிட்' ஆகிவிட்டது. "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று ஒரு சிப்பாயை நீட்டி, பலகையின் நடுவைப் பிடிக்கிற பழைய தந்திரம் அது.

ஸ்பாஸ்கி கலங்கவில்லை. 'டார்டகோவர்' தடுப்பை ஆடினார். அது அவருக்குக் கைவந்த ஆட்டம்.

14-வது நகர்த்தலில் பிஷரின் மந்திரி முன்னேறியது. அதை விரட்ட ஸ்பாஸ்கி ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். அங்கேதான் வினை! அதன்பின் கறுப்பு மெல்ல மெல்ல நெருக்கடிக்குள் போயிற்று. முதலில் அடக்கமாக ஒரே ஓர் அடி வைத்திருந்த ராஜாவின் சிப்பாய், 20-வது நகர்த்தலில் மறுபடி கிளம்பியது. முடிவில் பிஷர் ஒரு யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். ராஜாவின் கோட்டை திறந்துவிட்டது. 41-வது நகர்த்தலோடு ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மண்டபத்தில் கரகோஷம். ஸ்பாஸ்கியும் கை தட்டினார்.

பிஷர் முதல் தடவையாக முந்தியது அன்றுதான். பிறகு பிடி கொடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு எட்டரை என்ற கணக்கில் பட்டம் அவருக்குப் போயிற்று.

ஸ்பாஸ்கிக்கு உதவியாக ரெய்க்ஜாவிக் வந்திருந்தவர் கெல்லர். 1973-ல் டிம்மன் என்ற ஹாலந்து வீரரோடு ஆடும்போது அவருக்கும் அதே கட்டம் வந்தது. கெல்லர் ஓரத்துச் சிப்பாயைத் தொடவில்லை. ராணியைப் பக்கவாட்டில் நகர்த்தினார். கறுப்பு ஜெயித்தது!