கூலி கிடைக்க 12 ஆண்டு!
கட்டை அடுக்கும் விளையாட்டின் கதை

மேலே இருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழும். தரையைத் தொடும் முன்பே திருப்பி, நகர்த்தி, இடம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். ஒரு வரிசை இடைவெளி இல்லாமல் நிரம்பினால் அது மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது!

இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டதுமே விரல் துடிக்கும். 'பிரிக் கேம்' என்ற அந்தக் கைப்பெட்டி 1990-களில் நம் கடைத்தெருக்களில் தொங்கியது. பென்சில் பாட்டரி போட்டால் போதும். '9999 விளையாட்டுகள்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் எல்லோரும் ஆடியது இந்த ஒன்றைத்தான்.

மாஸ்கோவில் பிறந்தது

இதன் மூல விளையாட்டு டெட்ரிஸ். 1984-ம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் இதை உருவாக்கினார். அவரும் நம்மைப்போல் சம்பளக்காரர்தான். அவரிடம் இருந்த 'எலெக்ட்ரோனிகா 60' கம்ப்யூட்டரில் படம் வரைய வசதி இல்லை. அடைப்புக்குறிகளைச் சேர்த்து வைத்தே கட்டை உண்டாக்கினார்!

'டெட்ரா' என்றால் கிரேக்க மொழியில் நான்கு. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு சதுரங்கள். அதோடு தமக்குப் பிடித்த டென்னிசையும் சேர்த்து 'டெட்ரிஸ்' என்று பெயர் வைத்தார்.

விண்வெளிக்கும் போனது

1989-ல் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரி மாஸ்கோ சென்று, கைப்பெட்டியில் வெளியிடும் உரிமையைப் பேசி முடித்தார். அதே ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 'கேம்பாய்' கருவியில் டெட்ரிசை வெளியிட்டது. சுமார் 3½ கோடி விற்றது. 1993-ல் ரஷிய விண்வெளி வீரர் செரப்ரோவ், 'மிர்' விண்வெளி நிலையத்துக்கே இதைக் கொண்டுபோனார்.

உழைத்தவருக்கு என்ன கிடைத்தது? பணம் சோவியத் அரசு நிறுவனத்துக்குப் போனது. பஜித்னோவ் 1991-ல் அமெரிக்காவில் குடியேறினார். 1996-ல்தான் உரிமைப் பணம் அவர் கைக்கு வரத் தொடங்கியது.

மீண்டும் கையில்

சென்ற மாதம் நடைபாதைக் கடையில் அதே பிரிக் கேம் கண்ணில் பட்டது. வாங்கி வந்தேன். சிறுவயதில் வேகம்தான் முக்கியம் என்று நினைப்போம். இப்போது ஆடினால் பொறுமைதான் முக்கியம் என்று தெரிகிறது.

கட்டைகள் ஏழே வகை. 'ட' போல ஒன்று, அதன் கண்ணாடி நிழல் போல ஒன்று, நெட்டைக் குச்சி, சதுரம், நடுவில் மூக்கு வைத்தது, படிக்கட்டு போல இரண்டு. பார்சல் ஆபீசில் மூட்டை அடுக்குகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். அடியில் ஒரு பொந்து விட்டால், மேலே வைப்பதெல்லாம் வீண்.

கேம்பாயில் தொடக்க நிலையில் ஒரு வரிசை அழித்தால் 40 புள்ளி. நான்கையும் ஒரே வீச்சில் அழித்தால் 1,200! அதற்கு நெட்டைக் குச்சி வரும்வரை ஓர் ஓரத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் என்றைக்கும் தோற்காமல் ஆட முடியுமா? முடியாது. படிக்கட்டுக் கட்டைகள் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் தோற்பார் என்பதை 1997-ல் ஹைடி பர்கியல் என்ற கணித அறிஞர் நிரூபித்துக் காட்டினார்.

இப்போது செல்போனிலேயே இதை ஆடலாம். மாலை ரெயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஆடிப் பாருங்கள். நெட்டைக் குச்சி வந்து நான்கு வரிசை மறையும்போது, கூலிக்காக 12 ஆண்டு காத்திருந்த அந்த மாஸ்கோ சம்பளக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.