முப்புரிக் கயிறு

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் விடியற்காலைக் கோலாகலம் நம் நேயர்கள் பலருக்கும் பழக்கமானதே. ஒருபுறம் மீன் விற்கும் தாய்மார்களின் குரல் வானைப் பிளக்கும். மறுபுறம் துவரம் பருப்பும் உளுந்தும் மூட்டை மூட்டையாக நிற்கும். முட்டைக் கடை, ஆட்டுக்கால் தொங்கும் கறிக்கடை, எலுமிச்சையும் நெல்லியும் குவிந்த தரை, மல்லிகைக் கூடை என்று உலகமே அங்கே விலை பேசப்படுகிறது. ஆனால் அங்கு விலைபோகும் மீனின் தசை, பருப்பின் சத்து, முட்டையின் வெண்கரு, ஆட்டுக்காலின் தசைநாண், வாங்க வந்த அம்மையின் கூந்தல், அவர் உடுத்திய பட்டு ஆகிய யாவும் ஒரே வர்க்கத்துப் பொருளால் ஆனவை என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்பர்? அப்பொருளுக்குப் புரோட்டீன் என்று பெயர். இந்நாளில் தமிழில் புரதம் என்று வழங்குகிறோம்.

அரசியலும் பொதுநலமும் பேச வேண்டிய பத்தியில் புரதத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. புரதத்தின் அமைப்பைப் பற்றி உலக விஞ்ஞானிகள் முன்னிலையில் ஒரு பெரும் வழக்கு நடந்தது. அதில் சென்னையிலிருந்து ஒருவர் வாதாடினார். அவர் வாதாடிய விதம் நம் தேசத்துக்கு இன்றும் பாடமாக நிற்கிறது. வழக்கைக் கூறுமுன் வழக்கின் பொருளைச் சற்று விளக்குவது முறை.

உயிருள்ள ஒவ்வோர் அணுவிலும் வேலையாட்கள் புரதங்களே. உணவைச் செரிக்கச் செய்வது புரதம்; இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது புரதம்; நோய்க் கிருமியைப் பிடித்துக் கொடுப்பது புரதம்; தசையைச் சுருக்கி விரிப்பதும் புரதமே. இவை யாவும் அமினோ அமிலங்கள் என்னும் கண்ணிகளைக் கோத்த சங்கிலிகள். கண்ணிகளில் இருபது வகையே பெரும்பாலும் உண்டு. தமிழின் முப்பது முதலெழுத்துக்களைக் கொண்டு எண்ணற்ற நூல்கள் எழுந்தது போல, இருபது கண்ணிகளின் வரிசை மாற்றத்தால் எண்ணற்ற புரதங்கள் உண்டாகின்றன. இச்சங்கிலியைக் கோக்கும் பட்டறைக்கு ரைபோஸோம் என்று பெயர். அப்பட்டறையின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், புதுச்சேரிக்கு அடுத்த சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர்.

கோத்துவிட்டால் மட்டும் வேலை நடவாது. சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்து சுருண்டு அமைய வேண்டும். வடிவம் கெட்டால் தொழிலும் கெடும். முட்டையை வேக வைக்கும்போது வெண்கரு இறுகுவது, மடிப்புக் குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான். அதில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்முட்டை ஒருநாளும் குஞ்சு பொரியாது.

ஒரு கண்ணி பிசகினால் நேருவது என்ன என்பதற்குச் சாட்சியம் நமது நீலகிரியிலேயே இருக்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் ஒருவகைச் சங்கிலியில் 146 கண்ணிகள் உண்டு. அவற்றுள் ஆறாவது கண்ணி மாறிப் பிறந்தவர்களுக்கு, அம்மாற்றம் தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்திருந்தால், பிராணவாயு குறையும் இடத்தில் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. இந்த அரிவாளணுக் கூறு இந்தியாவில் முதன்முதல் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் கண்டறியப்பட்டது. 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதென்று 2023-இல் மத்திய அரசாங்கம் ஓர் இயக்கம் தொடங்கியது. மலைமேல் வாழும் ஏழையின் ஆயுள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணியைப் பொறுத்திருக்கிறது. புரதத்தின் அமைப்பை ஆராய்வது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று இனி எவரும் சொல்ல வேண்டாம்.

இனி வழக்குக்கு வருவோம். நம் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜென் என்னும் புரதம். பிராணிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் இதுவே. எனினும் 1950-க்குப் பின்னும் இதன் அமைப்பு ஒருவருக்கும் பிடிபடவில்லை. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, திருச்சி ஸெயின்ட் ஜோஸப் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் பயிற்சி பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர் ஜி. என். ராமச்சந்திரன். ராமனுடைய சிபாரிசின் பேரில், துணைவேந்தர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் 1952-இல் அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. லண்டன் விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜெனின் புதிர் அவிழாமலே கிடப்பதை அவரிடம் எடுத்துக் கூறினார். தோலையும் அதன் பதனிடுதலையும் ஆராய்வதற்கென்று 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கிண்டிக்குப் பக்கத்திலே அடையாற்றில் இருந்தது. களமும் தருணமும் கூடின.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாண் முதலியவற்றின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படங்கள் எடுத்தனர். கொலாஜெனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கண்ணி கிளைஸீன் என்பது முன்பே தெரிந்திருந்தது. கிளைஸீன் இருபதிலும் மிகச் சிறிய கண்ணி. மூன்றில் ஒன்று ஏன் இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, கொலாஜென் மூன்று புரிகள் கொண்ட கயிறு என்பது. புரிகள் மூன்றும் நெருங்கும் நடு அச்சில் கிளைஸீன் தவிர வேறெதற்கும் இடமில்லை. இக்கருத்து 1954 ஆகஸ்டில் லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 18-இல்தான் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதையே விரும்பினர். நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை அறிவோம். ஆயினும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவற்றைச் சேர்த்து நினைப்பதில் தவறில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் அவர்கள் தம் கருத்தைத் திருத்தி, மூன்று புரிகளும் தாமே முறுக்குண்டு பின் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறுகின்றன என்று எழுதினர். சில வாரங்களில் எதிர்வாதம் எழுந்தது. எதிர்த்து நின்றவர் சாமானியரல்லர். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை 1953-இல் வாட்ஸனுடன் கண்டறிந்த பிரான்ஸிஸ் கிரிக், அலெக்ஸாண்டர் ரிச்சுடன் சேர்ந்து தமது அமைப்பை வெளியிட்டார். சென்னை அமைப்பில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டன என்பது அவர்களுடைய ஆட்சேபணை. கயிற்றினுள் எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்ற விவரத்தில் பிற்கால ஆராய்ச்சி ரிச், கிரிக் கட்சியையே ஆதரித்தது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. நம்மவர் என்பதற்காக உண்மையைத் திரிப்பது தேசபக்தியாகாது. ஆனால் முப்புரி என்ற மூலக் கருத்து கிண்டியில் பிறந்தது, அது நிலைத்தது.

இந்நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கண்டனக் கூட்டம் கூட்டியிருப்போம். வெள்ளையரின் பாரபட்சத்தைப் பற்றி நான்கு தலையங்கம் தீட்டியிருப்போம். ராமச்சந்திரன் வேறு வழியைத் தேர்ந்தார். அணுக்கள் அதிகமாக நெருங்கிவிட்டன என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கலாம் என்ற சட்டம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் கேட்டார். அதுவரை வெளியான படிகங்களின் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவரே அச்சட்டத்தை எழுதினார்.

அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முதுகெலும்பு சுழலக்கூடிய மூட்டுக்கள் இரண்டு. மனிதனின் முழங்கை எல்லாத் திசையிலும் மடங்குவதில்லை அல்லவா? அதுபோல, இவ்விரு மூட்டுக்களின் கோணங்களும் மனம்போனபடி அமைய முடியாது. அமைந்தால் அணுவும் அணுவும் மோதிக்கொள்ளும். எந்தக் கோணச் சேர்க்கை ஆகும், எது ஆகாது என்று கணக்கிட்டு ஒரு சதுரப் படத்தில் குறித்தபோது, பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகவும் சிறுபகுதியே குடியேறத் தக்கதாகவும் தெரிந்தது. கிளைஸீனுக்கு மட்டும் சுதந்திரம் அதிகம். 1963-இல் வெளியான இப்படத்தை உலகம் ராமச்சந்திரன் படம் என்றே அழைக்கிறது.

இன்று எந்த நாட்டு விஞ்ஞானி புதிய புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டாலும், அது இப்படத்தின் முன் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறது. விலக்கப்பட்ட நிலத்தில் பல கண்ணிகள் விழுந்தால் அமைப்பின் மீது சந்தேகம் விழும். புரதங்களின் மடிப்பை யந்திர அறிவு கொண்டு முன்கூட்டிச் சொன்னதற்காகவும், புதிய புரதங்களை வகுத்ததற்காகவும் 2024-இல் ரஸாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வகையில் கணிக்கப்பட்ட அமைப்புக்கள் இருபது கோடிக்கு மேல். அந்த யந்திரத்தின் விடைகளையும் கிண்டியில் வரைந்த சதுரத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். 2001-இல் காலமான ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. பரிசு பெற்றவர்களின் வேலையும் அவருடைய அளவுகோலுக்குத் தப்பவில்லை.

மீண்டும் மார்க்கெட்டுக்கு வருவோம். ஆட்டுக்கால் சூப்பை ஆறவைத்தால் பாகுபோல் உறைகிறதே, அது கொதிநீரில் முறுக்கவிழ்ந்த முப்புரிக் கயிறு. எதிரே குவிந்திருக்கும் எலுமிச்சையும் நெல்லியும் அதே கயிற்றை நம் உடலில் காக்கின்றன. ‘ஸி’ வைட்டமின் இன்றேல் புதிதாய்த் திரிக்கும் கொலாஜெனில் முறுக்கு நிற்காது. ஈறு வழிந்து இரத்தம் கசியும். ஆறிய பழம்புண்ணும் திறந்துகொள்ளும். பாய்மரக் கப்பல் நாட்களில் பெருங்கடல் கடந்த எத்தனையோ மாலுமிகள் இவ்வாறே மாண்டனர். அரிசியில் குறையும் லைஸீன் என்னும் கண்ணியை உளுந்து தருகிறது. உளுந்தில் குறைவதை அரிசி தருகிறது. இட்லியைக் கண்டவள் ரஸாயனம் படித்தவளல்லள். அவள் கணக்கு மட்டும் பிழையில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையின் உடலைக் கட்டுவதற்கு வேண்டிய புரதம் பளபளக்கும் டப்பாவில்தான் உண்டென்று நம்ப வேண்டாம். பருப்பு மூட்டையிலும் மீன் கூடையிலும் முட்டைக் கடையிலும் உண்டு. அதை அவன் தாய் வாங்கக்கூடிய விலையில் வைப்பது ஆட்சியாளரின் கடமை.

மற்றொரு கடமையும் உண்டு. முப்பது வயது இளைஞனை நம்பி ஒரு பீடத்தை ஒப்புவிக்கும் துணிவு 1952-இல் சென்னைக்கு இருந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்கள் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: அத்தகைய இளைஞன் வாயிலில் வந்து நின்றால் அவனுக்கு நாற்காலியும் சோதனைச்சாலையும் கிடைக்குமா, அல்லது மனுவைக் கையில் கொடுத்துக் காத்திருக்கச் சொல்வார்களா? பிறர் வகுத்த சட்டத்தின் கீழ் முறையிட்டுக் காலம் கழித்தது போதும். சட்டத்தையே எழுதக்கூடிய கரங்கள் நம்மிடையே இருந்தன, இனியும் இருக்கும். அவற்றுக்கு வேலை கொடுப்போமாக.