தவறாகப் பதிந்த தவணையைத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான்



சேமிப்பையும் கடன் தவணையையும் எக்செல்லில் பதிய நம் கணக்காளர் ஒரு மேக்ரோ படிவம் செய்து வைத்திருக்கிறார். உறுப்பினர் எண்ணும் தொகையும் போட்டு 'பதிவு செய்' பொத்தானை அமுக்கினால், தொகை அவரவர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். சுலபம்தான். ஆனால் ஒருமுறை 17-ஆம் எண் உறுப்பினர் கட்டிய 500 ரூபாய் 71-இல் ஏறிவிட்டது. உடனே கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுக்கிப் பார்த்தோம். ஊஹூம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டது எங்கள் தப்பு. அடுத்த கூட்டத்தில் தவணை கட்டாதவர் பட்டியலில் அந்த அக்கா பெயரை வாசித்துவிட்டார்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏன் இப்படி? நாம் கையால் தட்டுவதை எக்செல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மேக்ரோ ஒரு கட்டத்தை மாற்றினால் அந்த ஞாபகமே அழிந்துவிடும். அதற்கு முன் கையால் செய்ததையும் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் படிவத்துக்கு நாமே ஞாபகம் கொடுக்க வேண்டும். கோப்பில் 'பழையது' என்று தனித்தாள் ஒன்று போடுங்கள். புதுத் தொகையை எழுதும் முன், எந்தத் தாள், எந்தக் கட்டம், அதில் முன்பு என்ன இருந்தது என்று மேக்ரோ அங்கே ஒரு வரி எழுத வேண்டும். 'திரும்ப எடு' பொத்தான் கடைசி வரியைப் படித்து, பழையதை அதே கட்டத்தில் வைத்து, அந்த வரியை நீக்கிவிடும். மறுபடி அமுக்கினால் அதற்கு முந்தையது திரும்பும். ஒரே பதிவில் தொகை, தேதி, ரசீது எண் மூன்றும் மாறுமானால் மூன்று வரிக்கும் ஒரே பதிவு எண் கொடுத்து, பொத்தான் மூன்றையும் சேர்த்தே எடுக்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் தொகை போய்த் தேதி மட்டும் நிற்கும்.

கட்டத்தில் கூட்டல் சூத்திரம் இருந்தால் 'வேல்யூ'வை அல்ல, 'ஃபார்முலா'வை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மொத்தம் வெறும் எண்ணாகிவிடும். அடுத்த மாதம் கூடாது. இடையில் வரிசையை மாற்றினாலும் பழைய தொகை வேறொருவர் கட்டத்தில் விழும், ஜாக்கிரதை.

இந்தப் பொத்தான் ரசீது கொடுக்கும் முன்புதான். ரசீது போன பிறகு எதையும் அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும். அந்த 500 ரூபாயையும் 71-இல் கழித்து 17-இல் வரவு வைத்தோம். இரண்டு பேரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.